பேனாக் கோடு

இரவு பதினொன்று நாற்பது.
எய்லிவ் மூர்தாலின் முன்கையில்
செம்மை முடியும் விளிம்பை ஒட்டி
நீலப் பேனாவால் கோடு இழுத்தேன்.
அருகில் நேரத்தையும் குறித்தேன்.
"தோல்மேல் கடன் கணக்கா, சுன்னிவா?" என்றார்.
ராஜநண்டின் முள் விரலிடுக்கில் குத்தி மூன்று நாள்.
இத்தனூண்டு காயம்.

வார்டோவில் இந்த மாதம் சூரியன் எழாது.
எப்போது கேட்டாலும் ஜன்னல் ஒரே பதில் சொல்லும்.
அதனால் பொழுதை நான்
நாடியில் பார்க்கிறேன், மூச்சில் பார்க்கிறேன்,
முழங்கால் தோலின் நிறத்தில் பார்க்கிறேன்.

பன்னிரண்டே கால்.
நண்டுக் கூண்டு இழுத்து இழுத்துக் காய்த்த மனிதர்
போர்வை உரசினாலே பல்லைக் கடிக்கிறார்.
கண்ணுக்குத் தெரிவது ஒரு பங்கு,
வலி பத்துப் பங்கு.
அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.
"காய்ச்சல் இல்லையே" என்கிறார் மனைவி யோர்டிஸ்.
இல்லைதான். வெப்பமானி முப்பத்தாறைக்கூடத் தொடவில்லை.
மூச்சு மட்டும் நிமிடத்துக்கு இருபத்தாறு.

கோட்டைப் பார்த்தேன்.
செம்மை அதைத் தாண்டி
பச்சை குத்திய நங்கூரத்தின்மேல் ஏறியிருந்தது.
கரை என்று நான் போட்டது
கறைக்கு ஒரு பொருட்டே இல்லை.

மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பினேன்.
"நினைக்கிறேன்" என்று சொல்லவில்லை.
எண்களைச் சொன்னேன், நங்கூரத்தைச் சொன்னேன்,
விரலால் அழுத்தினால் தோலுக்கடியில்
பனி மிதிபடுவதுபோல் ஏதோ நொறுங்குவதைச் சொன்னேன்.
மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

மருந்துக்கு முன் ரத்தம்.
துடைத்த இடம் காய வேண்டும், முப்பது நொடி.
ஊதக் கூடாது. திரும்பத் தொடக் கூடாது.
என் வாழ்வில் மிக நீண்டவை
இந்த முப்பது நொடிகள்தான்,
ஒவ்வொரு முறையும்.

இரண்டு புட்டி நிறைந்தபின் மருந்து சொட்டத் தொடங்கியது.
வெளியே பனிக்காற்று. விமானம் வருமா என்று
யோர்டிஸ் மூன்று முறை கேட்டார்.
மூன்று முறையும் "கேட்டிருக்கிறோம்" என்றேன்.

நான்கு பத்துக்கு வந்தது.
ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது
இரண்டாவது கோடும் பின்தங்கிப் போயிருந்தது.
மூன்றாவதுக்கு அவரே கையை நீட்டினார்.
"நேராகப் போடு. கோணலாயிருந்தால்
அறுக்கிறவன் சிரிப்பான்."

கை கழுவினேன்: விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு.
எதிர் அறையில் மணி அடித்தது.
இடுப்பெலும்பு முறிந்த தபால்காரருக்குத் தூக்கம் வரவில்லையாம்.
குறுக்கெழுத்துப் போட ஒரு பேனா வேண்டுமாம்.
சட்டைப் பையில் இருந்ததைத் தொட்டேன்.
"பென்சில் தருகிறேன்" என்றேன்.