முழு இழப்பு

வேளச்சேரி. மழை விட்டு மூன்றாம் நாள்.
தரைக்குக் கீழே பம்ப்செட் இன்னும் இருமுகிறது.
ஒரு கையில் செருப்பு, மறுகையில் சர்வே படிவம்,
இறங்குகிறேன்.

தூண் பதினேழு: மஞ்சள் கார்.
அதன் கூரை என் விலாவுக்கு எட்டாது.
வயிற்றுக்கும் தரைக்கும் நாலு விரல்கடை;
தரமணி வேகத்தடைகளைக்
குறுக்குசால் ஓட்டித்தான் கடப்பாராம்
உரிமையாளர் ரித்விக் சோர்டியா.
மூன்று நொடியில் நூறைத் தொடும் என்றார்.
எங்கே தொட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.
இரண்டு வருடத்தில் ஓடியது
ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர்,
பெரும்பாலும் ஈசிஆரில், விடியுமுன்.

மூழ்கிய நேரம் அதற்கே தெரிந்திருக்கிறது.
அதிகாலை இரண்டு பதினொன்றுக்கு
அவர் போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது:
'கதவருகே ஈரம்.'
அவர் அப்போது கொச்சியில், தூக்கத்தில்.

தூண் பதினெட்டு: ஜீப்.
எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி,
வனத்துறை ஏலத்தில் கழித்துவிட்டது.
மார்க்கபந்து லுங்கியை மடித்துக் கட்டி
பிளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருக்கிறார்.
தளத்தில் கை நுழையும் ஓட்டைகள்.
வந்த தண்ணீர் வந்த வழியே போயிருக்கிறது,
சீட்டில் ஒரு கெளுத்திக் குஞ்சை விட்டுவிட்டு.
உயர்த்தி எழுத ஒன்றுமில்லை.
பிரேக்கை அவரே நம்புவதில்லை.
ஸ்டீயரிங்கை ஒரு முழம் திருப்பினால்
சக்கரம் ஒரு சாண் யோசிக்கும்.
லிட்டருக்கு ஏழு கொடுக்கும்,
சந்தோஷமாக இருந்தால்.

மீட்பு வண்டியின் தலை
சரிவுப் பாதையின் கூரையில் இடித்தது.
"சங்கிலி இருக்கு" என்றார் மார்க்கபந்து.
முன்னால் கைப்பிடியை மாட்டி எட்டுச் சுற்று.
ஒன்பதாவதில் தும்மியது,
அப்புறம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத புகை.
ஊசி போட இழுத்துப்போகும் பிள்ளையாக
மஞ்சள் கார் காலைத் தேய்த்துக்கொண்டே ஏறியது.
பாதி ஏற்றத்தில் அதன் இடது விளக்கு
தானாகச் சிமிட்டத் தொடங்கியது.
இடப்பக்கம் சுவர்.

மேலே நல்ல வெயில்.
எழுதினேன்: முழு இழப்பு.
ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சம்.
கையெழுத்துப் போடும்போது சோர்டியா காரைப் பார்க்கவில்லை.
பிறகு போய்க் கதவைத் திறந்து
ஊறிய இருக்கையில் உட்கார்ந்தார்,
பேன்ட் நனைய, கொஞ்ச நேரம்.

"நம்மளுதுக்கு?" என்றார் மார்க்கபந்து, சும்மாத்தான்.
வைத்திருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்.
ஜீப்பால் பிறருக்கு ஏதும் நேர்ந்தால் எழுத
படிவத்தில் கட்டம் இருக்கிறது.
கேட்டைத்தான் எழுதச் சொல்கிறது.

வெளியே என் ஸ்கூட்டரும் கிளம்பவில்லை.
சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்
நிமிர்ந்து பார்த்தார்.