தபால்காரியின் முட்டி

குமுளியில் எங்கள் வைத்தியசாலைக்கு
முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள் ஒருத்தி.
ஊர் வெனிஸ் என்று பதிவேட்டில் இருந்தது.
மேனேஜர் சாஜு என் காதில் சொன்னார்:
"தண்ணியிலயே கட்டின ஊரு பவுனுத்தாயி,
வாசப்படி இறங்கினா படகுதான்."

எனக்கு அப்போதே சந்தேகம்.
உட்கார்ந்தே போகிறவளுக்கு
முட்டி ஏன் தேயணும்?

கொட்டஞ்சுக்காதியைச் சூடாக்கி
இடது காலில் கை வைத்தேன்.
எண்ணெய்க்கடியில் நறநறவென்றது,
காய்ந்த ஏலக்காயைத் தோலோடு நசுக்கினாற்போல.
பன்னிரண்டு வருசம் தோட்டத்தில் களை வெட்டியவள் நான்.
மேடு ஏறித் தேய்ந்த முட்டி எனக்குத் தெரியும்.

லொரென்சா என்று பேர். தபால்காரி.
அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும்
ஒரே உயரம், தலை இடிக்காமல் பேச முடிந்தது.
நானூத்துச் சொச்சம் பாலமாம் அந்த ஊரில்,
பெரும்பாலும் கூன் விழுந்தவை.
ஏறப் படி, இறங்கப் படி.
தெருவில் வண்டி கிடையாது, சைக்கிளும் கூடாது.
பையைத் தோளில் போட்டு
முப்பத்தோரு வருசம் நடந்திருக்கிறாள்.

"அந்தக் கறுப்புப் படகு?" என்றேன்.
சாஜுவின் போனில் பார்த்திருந்தேன்,
கோடு போட்ட சட்டைக்காரன் நின்றபடி துடுப்புப் போடுவதை.
"கல்யாணத்தன்னிக்கு ஒருதரம்.
மாமனார் காசு கொடுத்தார்.
அப்புறம் புருசனும் போயிட்டான், படகும் போயிடுச்சு."
சிரித்ததில் கட்டில் குலுங்கி
எண்ணெய்க் கிண்ணம் ஆடியது.

நாறுமாமே?
வெயில்காலத்தில், தண்ணி வத்தும்போது, கொஞ்சம்.
உங்க பஸ் ஸ்டாண்டு அளவுக்கு இல்லை.
முழுகப்போகுதாமே?
அதுக்கு முன்னாடி வாடகை எங்களைத் துரத்திரும்.
பக்கத்து வீட்டில் இப்போது ஆள் இல்லை,
பெட்டிகள் வந்து போகின்றன,
சக்கரம் வைத்த பெட்டிகள்,
ராத்திரியெல்லாம் கல்லில் கடகடவென்று.
அந்தக் கதவுக்குக் கடுதாசி வந்து
ஒன்பது வருசம் ஆச்சு.

ஐந்தாம் நாள் கேள்வி அவள் பக்கம் போனது.
"இந்தக் கை எத்தனை தலைமுறை?"
சுவரில் ஓலைச்சுவடிப் படம், குத்துவிளக்கு.
சாஜு சொல்லச் சொன்னது ஐந்து.
நான் வலது முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொய் சொன்னால் கட்டைவிரல் தளர்ந்துவிடும்,
அது அவளுக்குத் தெரிந்துபோகும்.

"நீ தினம் ஏரியில போவியா? யானை பார்ப்பியா?"
ஏரிப் படகுக்கு டிக்கெட் இருக்கிறது என்றேன்.
யானையைப் பார்த்தது பஸ் கண்ணாடி வழியாக
இரண்டு தடவை, அதில் ஒரு தடவை பின்பக்கம் மட்டும்.
ஏரித் தண்ணிதான் மலையைக் குடைந்து
இரும்புக் குழாயில் இறங்கி
என் தெருப்பக்கம் வரும்,
அது டிக்கெட் கேட்காது.

கிளம்புகிற அன்று நோட்டை நீட்டினாள், அட்ரஸ் எழுது என்று.
வைத்தியசாலைக் கார்டைக் கொடுத்தேன்.
தள்ளிவிட்டாள்.
"இது கடை. நான் கேட்டது கதவு."
முப்பத்தோரு வருசத்து அதிகாரம் அந்தக் குரலில்.

எழுதினேன்:
பவுனுத்தாய், க/பெ காசிமாயன்,
டேங்க் தெரு, லோயர் கேம்ப்,
தேனி மாவட்டம், தமிழ்நாடு.

கடைசிச் சொல்லில் விரல் வைத்தாள்.
ஜன்னலுக்கு வெளியே மலையாளப் பலகையைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

"செக்போஸ்டுக்கு அந்தப்பக்கம்" என்றேன்.
"காலையில மலை ஏறி வாறேன், பொழுதடைய இறங்குறேன்.
கோட்டயத்துல ஆறு மாசம் படிச்சேன்.
தலைமுறை ஒண்ணுதான். அது நான்தான்."

சாஜு கல்லாவில் எதையோ எண்ணுவதுபோல் எண்ணினார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"பின்கோடு?"

மறந்துவிட்டது.
பாங்க் நோட்டீஸ் தவிர
எனக்கு யாரும் எழுதியதில்லை.
காசிமாயனுக்குப் போன் போட்டேன்.
அந்த மனுசன் டிரங்குப் பெட்டியை உருட்டி
ஏதோ ஒரு காகிதத்தைத் தேடி எடுக்கும்வரை
நாற்காலியைக் காட்டியும் உட்காராமல்
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
நின்றுகொண்டே இருந்தாள்.