பூச்சியம் வைத்தல்

புகை எழும்பும்போது பேசாமல் கிடக்குமாம்.
அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து,
வேப்பங்காற்று உள்ளே வந்தால்
ஓடத் தொடங்குமாம், முழு வேகத்தில்.
இரவு இரண்டு மணிக்கும் ஒருமுறை.
"பேய் பிடிச்ச சாமான், யசிந்தா.
சுவிஸிலயிருந்து மகள் அனுப்பினது,
வாற வழியில பிடிச்சிருக்கும்."

கனகபுரம், வாய்க்காலுக்கு அங்கால் மூன்றாவது வீடு.
குசினியில் மூன்று சாக்குச் செத்தல் மிளகாய்,
ஒரு சாக்கு மல்லி,
லேபல் ஒட்டாத தூள் பைகள்.
லோஜினி அக்கா நாளுக்குப் பத்துக் கிலோ வறுக்கிறா.

வடிகட்டியைக் கழற்றினேன். சுத்தம்,
சன்லைட் போட்டு அவித்திருக்கிறா.
விசிறியைக் கையால் சுற்றினேன், உரசவில்லை.
சென்சர், சுண்டுவிரல் நகமளவு,
வலைமூடி, மூன்று வயர்.
மீற்றர் ஐந்து வோல்ட் என்றது.
கரண்டை நிறுத்தி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன்,
பஞ்சு செங்கல் நிறமாய் வந்தது.
பூட்டினேன், போட்டேன்.
திரும்பவும் அதே கதை.
காலை வறுத்த மணம் குசினியை விட்டுப் போயிருக்கவில்லை,
அதை நான் கணக்கில் எடுக்கவுமில்லை.

பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது.
"ரோட்டில லைன் மாத்துறாங்கள்,
தினமும் இந்த நேரம். அரை மணியில வரும்."
சொல்லிக்கொண்டே காஸ் அடுப்பில் தாச்சியை வைத்தா.
செத்தல் கறுக்க, நான் முற்றத்துக்கு ஓடினேன்.
அவ தும்மவில்லை.
கரண்ட் வந்தது. புகைக்குள்ளே பச்சை லைற்
மூன்று தரம் சிமிட்டி நின்றது.

அதில் பிடிபட்டது.

முகமாலையில் எட்டு வருசம்
விடிந்தால் முதல் வேலை அதுதான்:
கருவியை ஒன்றுமில்லாத நிலத்தின் மேல் பிடித்து
இதுதான் வெறும் மண் என்று சொல்லிக் கொடுப்பது.
இடம் பிழைத்தால்
இரும்பையும் மண்ணென்று எடுத்துக்கொண்டு
அது அமைதியாகப் போகும்.
என்னுடையது ஒருநாள் அப்படிப் போனது.
சிவநேசராசா அண்ணை ஒன்றும் ஏசவில்லை.
என் பாதையை மூடி,
தொடக்கத்திலிருந்து திரும்ப முழங்காலில் விட்டார்.

இந்த மிசினும் கரண்ட் வந்த கையோடு
மூன்று தரம் மூச்சிழுத்து
எது வந்ததோ அதைச் சுத்தம் என்று குறித்துக்கொள்கிறது.
தினமும் பதினொன்று நாற்பதுக்கு
அதற்குக் கிடைத்தது செத்தல் புகை.
அதன் பிறகு வேப்பங்காற்று வந்தால்
பதறாமல் என்ன செய்யும்?

"பழுதில்லை அக்கா, பிழையாப் பழகிப்போச்சு.
கரண்ட் போனா பிளக்கைக் கழற்றுங்கோ.
வந்தாலும் பொறுங்கோ.
மணம் முழுக்கப் போனாப் பிறகு போடுங்கோ."

அவ அகப்பையைத் துடைத்தா.
துடைத்ததையே பிறகும் துடைத்தா.
"எனக்கு மணம் தெரியாது, பிள்ளை.
ஒன்பதாம் ஆண்டு சித்திரையிலயிருந்து.
மல்லி வெடிக்கிற சத்தம், மிளகாயின்ர நிறம்,
அதை வச்சுத்தான் வறுக்கிறன்.
ஒருக்கா காஸ் திறந்தபடி கிடந்தது.
அதுக்குப் பிறகுதான் மகள் இதை அனுப்பினவள்."

நான் மேலே கேட்கவில்லை.
முன்கதவு, பின்கதவு, ஜன்னல் நாலும் திறந்தோம்.
பிளக்கைப் பிடித்தபடி நின்றேன்.
மூக்கை உறிஞ்சி உறிஞ்சி
மணிக்கூட்டைப் பார்த்தேன்.
இருபத்து மூன்று நிமிடம்.
மார்க்கரால் சுவரில் எழுதினேன்.
அவ வாங்கி, அதன் கீழே முப்பது என்று எழுதினா.
"மழை நாளுக்கு."

பிளக். மூன்று சிமிட்டல்.
தாச்சியில் இரண்டே இரண்டு செத்தல்.
அவ மிசினைப் பார்க்கவில்லை,
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.
"வருதோ?"
கண் எரிந்து, தொண்டை இறுகி,
நான் சொல்ல வாய் திறக்க முதல்
மிசின் ஓடத் தொடங்கியது.

ஆயிரத்தைந்நூறு.
மேலே அரைக் கிலோ தூளும் தந்தா.
பை சரியாகக் கட்டுப்படவில்லைப் போல,
கரடிப்போக்குச் சந்தி மட்டும்
ஹெல்மெட்டுக்குள்ளே தும்மினேன்.