நாற்பத்திரண்டு ஒட்டகங்கள்

அன்றைய இரவு ஷிப்டுக்கு எல்லோரும் வந்திருந்தோம்,
என் கணினியின் ஷிப்ட் விசையைத் தவிர.
அழுத்தினால் சிலவேளை இறங்கும்,
சிலவேளை இறங்காது,
எங்கள் சம்பளம் மாதிரி.

யாழ்ப்பாண வண்டி ஒன்பதரைக்கு.
ஒன்பது பத்துக்கு பஸ்லூன் போன் எடுத்தான்,
138 பஸ்ஸிலிருந்து.
பாதி ஸ்கோர், பாதி பைலா.
"முகத்துவாரத்துப் பெடியன், மரினோ அமலதாஸ்,
முதல் மெட்ச்,
நாப்பத்திரண்டு ஓட்டம், பிறகு பிடி குடுத்து அவுட்.
படமும் அனுப்பியிருக்கிறன், போடுங்கோ."

அடித்தேன்.
ஷிப்ட் இறங்கவில்லை. 'ஓ' கால் மடங்கி 'ஒ' ஆனது.
ஒட்டங்கள்.
ஒப்புநோக்கிய சிவஞானசோதி அண்ணர்
இரவுச் சாப்பாடு சாப்பிடாதவர்,
ஏதோ குறைகிறதே என்று இரங்கி
நடுவில் ஒரு 'க'வைச் செருகினார்.
அடுத்த வரியில்
யாரும் கூப்பிடாமலே விழித்துக்கொண்டது விசை.

விடிந்தது கிராண்ட்பாஸில்:
"அபாரமாக ஆடிய மரினோ அமலதாஸ்
நாற்பத்திரண்டு ஒட்டகங்களைக் குவித்து
எல்லைக்கோட்டருகே பீடி கொடுத்து
ஆட்டமிழந்தார்."

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வங்கி முகாமையாளர்:
"இது துடுப்பாட்டமா, ஏற்றுமதியா?"
புறக்கோட்டையிலிருந்து ஒருவர்:
மொத்தமாக எடுத்தால் என்ன விலை?
மாளிகாவத்தைக்காரர்
குரலில் ஒரு சுருக்கமும் விழாமல் கேட்டார்,
குர்பானுக்கு ஏழு பேர் பங்கு சேரலாமா என்று.

ஆசிரியர் பழைய கணக்கையெல்லாம் எடுத்தார்.
போன மாதம் கெத்தாராமையில்
மலை குறுக்கிட்டு ஆட்டம் கைவிடப்பட்டது
(கொழும்பில் எங்கே கண்டீர் மலையை?),
அதற்கு முந்தின மாதம்
இடுப்பாட்ட வரிசை இருபது நிமிடத்தில் சரிந்தது.
"அதிலே பிழையில்லை சேர், நான் நேரில பார்த்தனான்"
என்றான் பஸ்லூன்.
நாங்கள் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டு,
சிரித்ததற்கும் சேர்த்துத் திட்டினார்.

பதினொரு மணிக்கு இன்னொரு போன்.
பின்னால் மீன் பொரிகிற சத்தம்.
"மரினோட அம்மா கதைக்கிறன்.
ஒட்டகம் எத்தனையெண்டாலும் இருக்கட்டும் பிள்ளை,
என்ட மகன் ஆருக்குப் பீடி குடுத்தவன்?
அதை மட்டும் சொல்லுங்கோ."

சொன்னேன்.
பிடி, பந்தைப் பிடிக்கிற பிடி, என் விரல், அந்த விசை.
கொஞ்ச நேரம் எண்ணெய் மட்டும் பேசியது.
"அஞ்சு பேப்பர் வாங்கினனான்.
படத்தோட வந்தது இதுதான் முதல் தரம்.
சட்டம் போடக் குடுக்கவேணும்.
அந்தச் சுழியைப் பேனையால அடைச்சால்
தெரியுமோ?"

அன்றிரவு திருத்தம்.
இரண்டே வரி, ஆறு கண்கள்.
'ஓ'வை நான் பார்த்தேன், பஸ்லூன் பார்த்தான்.
'பி'யை உருப்பெருக்கியால் பார்த்தார் சிவஞானசோதி அண்ணர்,
இம்முறை சாப்பிட்டுவிட்டு.
ஒட்டகங்கள் ஓட்டங்களாயின.
பீடி அணைந்தது.

கடைசி வரியை
எப்போதும் உள்ள வரிதானே என்று
ஒருவரும் பார்க்கவில்லை.

"நேர்ந்த பிழைப்புக்கு வருந்துகிறோம்."

வெள்ளவத்தை, புறக்கோட்டை, மாளிகாவத்தை,
ஓர் இடத்திலிருந்தும் போன் வரவில்லை.
ஆசிரியர் பிளேன்டீயை வைத்துவிட்டு
இரண்டு தரம் வாசித்தார்.
"இதுக்கும் திருத்தம் போடவேணுமோ?"

யோசித்தோம்.
சம்பளம் வராத இருபத்தெட்டாம் தேதி அது.
போடவில்லை.