ஜன்னல் கழற்றிய வீடு

கெம்ச்சியில் பதினேழாவது நாளாக மழை.
சிப்பிக் கொட்டகையில், தராசுக்குப் பக்கத்தில்,
எங்கள் கணினி இன்னும் விழித்து முடிக்கவில்லை.
ஏழு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.
தண்ணீர் கொதித்து, மாத்தே ஊற்றி,
எலேயுத்தேரியோ படகைக் கட்டிவிட்டு வந்து
மனைவியோடு போட்ட சண்டையை
ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தும்
திரையில் அதே வட்டம்
செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தூக்கிக் கடலில் போடு" என்றான்.
போடலாம்.
புதிது வாங்க இந்தப் பருவத்துச் சிப்பியில் கால்வாசி போகும்.
யார் பங்கிலிருந்து என்று கேட்டேன்.
தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஒரு ஜிபி நினைவகம்.
முப்பத்திரண்டு பிட் செயலி.
காற்றாடி நிறையப் பூனை முடி:
கொட்டகைப் பூனைக்கு அந்தப் பெட்டிதான் கணப்பு.
இந்தக் குருவி தலையில்
இத்தனை பெரிய பனங்காயை ஏற்றியது யாரோ.

ஒத்திலியா காஸ்த்ரோவிலிருந்து
நான்கு பென்டிரைவ் கொண்டுவந்தாள்.
நான்கும் இலவசம்.
நான்கும் தன்னை இலேசு என்று சொல்லிக்கொள்பவை.
ஒன்றில் சிறகு விரித்த சின்னப் பறவை.
ஒன்றின் மூலையில் சுண்டெலி.
ஒன்றுக்கு நாய்க்குட்டிப் பெயர்.
கடைசியில் படமே இல்லை,
கறுப்பும், ஓரத்தில் இமைக்கும் ஒரு கோடும்.

பறவை ஏறவே மறுத்தது.
"இந்தச் செயலி போதாது" என்று ஒரே வரி, அவ்வளவுதான்.
சுண்டெலி நன்றாகத்தான் உட்கார்ந்தது,
கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும்
அதற்கு மூச்சு வாங்கியது.
நாய்க்குட்டியோ,
வட்டைத் தொடாமல் நினைவகத்திலேயே குடியிருந்து
ஓடிய ஓட்டத்தைப் பார்த்து
நாங்கள் இருவரும் கைதட்டினோம்.
ஆனால் எங்கள் ஊசி அச்சுப்பொறியை
முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.
சீட்டு இல்லாமல் எந்தப் படகுக்காரன் மூட்டை இறக்குவான்?

போன பிப்ரவரியில் பார்ரியா வீட்டை இழுத்தோம்.
முழு வீடு. மரச்சட்டங்களின் மேல் ஏற்றி,
பத்து ஜோடி எருதுகள் கரைவரைக்கும்,
அப்புறம் ஏற்றநீரில் மிதக்கவிட்டு, அக்கரைக்கு.
கட்டில், அலமாரி, கண்ணாடி எல்லாம் முன்பே இறங்கிவிட்டன.
கதவையும் ஜன்னலையும் கழற்றியாயிற்று.
இரும்பு அடுப்பு மட்டும் இருக்கட்டும் என்று
பார்ரியா அடம்பிடித்தார்.
பாதிக் கடலில்
வீடு அடுப்புப் பக்கமாகச் சாய ஆரம்பித்ததும்
அவரே உள்ளே நீந்திப் போய்
அதை வாசல் வழியே தள்ளினார்.
அக்கரையில் ஒரு வாரம்
அண்டை வீட்டில் சமைத்தார்கள்.
வீடு வந்து சேர்ந்துவிட்டது.

இரவு முழுக்க அந்த அடுப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
காலையில் கறுப்பை ஏற்றினேன்.

ஜன்னல் கிடையாது. சுட்டி கிடையாது.
எட்டுக் கட்டளைகளை அட்டையில் எழுதித்
தராசில் ஒட்டிவைத்தாள் ஒத்திலியா,
ஆறாவதில் எழுத்துப் பிழையோடு.
எண்ணைத் தட்டினேன்.
அச்சுப்பொறி கீச்சென்று கத்தி
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ என்றது.

"படம் எங்கே?" என்றான் எலேயுத்தேரியோ,
திரையை எட்டிப் பார்த்து.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
இருமுறை படித்துவிட்டு
மூன்று கிலோ குறைகிறது என்று சண்டைக்கு வந்தான்.

பூனைக்கு மட்டும்தான் வருத்தம்.
பெட்டியின் மேல் ஏறிப் படுத்து,
புரண்டு, எழுந்து,
சூடே இல்லாத அந்தத் தகரத்தை
ஒருமுறை பாதத்தால் தட்டிப் பார்த்துவிட்டு
என்னை முறைத்தது.