தொண்ணூறு நாள் தளர்வு

"உரிமம் பெற்ற எரிபொருள் படகு மட்டும்"
என்றிருந்த இடத்தில்
"ஏதேனும் ஒரு படகு" என்று தட்டச்சு செய்தேன்.
ஐந்து சொல் போய் மூன்று சொல்.

கடலூர் முதுநகர், துறைமுக அலுவலகம்.
புயல் போய்ப் பதினோராம் நாள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம், திட்டில்,
மின்கம்பங்கள் இன்னும் குப்புறக் கிடக்கின்றன.
குடிநீர் மோட்டாருக்கு டீசல் வேண்டும்,
டீசலுக்குப் படகு வேண்டும்,
படகுக்கு உரிமம் வேண்டும்.
உரிமமுள்ள ஒரே படகு
எஞ்சினில் மணலேறிப்
பரங்கிப்பேட்டைப் பட்டறையில் நிற்கிறது.

பத்து நாளும் அங்கே எதில் தண்ணீர் ஏறியது என்று
கோப்பில் யாரும் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.
மாலை ஐந்தே முக்கால் படகில்
மீன்கூடைக்குள், சாக்குக்கு அடியில்
இருபது லிட்டர் கேன்.
செங்கேணி அதன்மேல் உட்கார்ந்து
வெற்றிலை மடிப்பாள்.
பக்கத்தில் நான்,
கைப்பையில் அலுவலக அடையாள அட்டையோடு,
மூக்கில் எதுவும் ஏறாதவள்போல.

கையெழுத்தாகும் முன்பே வந்துவிட்டார் தேசிங்கு,
அந்த ஒற்றை உரிமத்துக்காரர்.
நுரைக்குப்பி நாலு, மணல்வாளி எட்டு, காப்பீடு;
தாலிக்கொடி இன்னும் சங்கத்து வங்கியில்.
"விதின்னீங்க, வாங்கினேன்.
இப்ப விதி இல்லங்கிறீங்க.
நுரையை எவன்கிட்ட விக்கிறது?"
அதிகாரி பேனா மூடியைத் தேடினார்.

விதி பிறந்த தேதி பழைய கோப்பில் இருக்கிறது.
மாசி மகத்துக்கு முந்தின நாள்,
பெட்ரோல் கேன்களும் பதினாறு பேரும் ஒரே படகில்.
பீடியா, எஞ்சின் பொறியா,
விசாரணை அந்த வரியோடு நின்றுவிட்டது.
ஏழு பெயர்.
மூன்றாவது, இந்த அலுவலகத்துக் கலாசி.
கருணை அடிப்படையில்
எனக்கு இந்த நாற்காலி.

யாரும் சொல்லாத ஒரு வரியை
நாலாம் பத்தியாகச் சேர்த்தேன்:
எரிபொருளோடு ஆட்களை ஏற்றலாகாது.
அதிகாரி படிக்காமல் கையெழுத்திட்டார்.
அவருக்கும் வீட்டில் தண்ணீர் இல்லை.

ஐந்தே முக்கால் படகு
பகிரங்கமாக டிரம் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.
கேனை ஏற்றிவிட்டு
காலை வைத்த செங்கேணியைப்
படகோட்டி இறக்கிவிட்டான்.
"எந்த மகராசி எழுதினா இதை?"
கொண்டல் காற்றில் நின்றோம் இருவரும்,
ஏழு மணிப் படகு வருமா வராதா தெரியாமல்.
மீன்செதில் ஒட்டிய கையை வீசி வீசித்
திட்டினாள், எழுதியவளின் ஏழு தலைமுறையை.
நான் தலையாட்டினேன்.

இருட்டில் அக்கரை மோட்டார்
இருமி, நின்று, மறுபடி இருமி,
பிடித்துக்கொண்டது.

செங்கேணி நிறுத்தவில்லை.
அது கேட்கும்படி
குரலை மட்டும் கூட்டினாள்.