பதினைந்துக்குக் கீழே

பாலிக் புலாவ் மேட்டில், டுரியான் தோப்பின் விளிம்பில்
பைன் தடிகளை அடுக்கிக் கட்டிய வீடு.
பனிக்கென்று வளர்ந்த மரம்
இங்கே வந்து வருஷம் முழுக்க வியர்க்கிறது.
ஆறு வருஷமாக யாரும் தொடவில்லை.
மேற்குச் சுவர் சாம்பல். வடக்கில் பாசி.
கூரை இறக்கத்தின் அடியில் மட்டும்
வெயில் பார்க்காத பழைய தேன்நிறம்.

பீய்ச்சி அடிக்காதே என்றேன் ஹஸ்னியிடம்.
அழுத்தம் கூடினால் நார் கிளம்பி
தூங்கி எழுந்த தலைபோல நிற்கும்.
கரைசலைக் கீழிருந்து மேலே பூசு,
மேலிருந்து கீழே அலசு.
மாற்றிச் செய்தால் கோடு விழும்,
எத்தனை பூச்சு பூசினாலும் அந்தக் கோடு
உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.
செம்பருத்திகளுக்கு நீலத் தார்ப்பாய் போர்த்தினோம்.
வீட்டுக்காரரின் பூனை அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கருவண்டு துளைத்த ஓட்டைகள் பதினேழு.
ஒவ்வொன்றிலும் காது வைத்துக் கேட்டான் ஹஸ்னி.
"காக், இதுல ஆள் இருக்கு."
காலியானவற்றை அடைத்தோம்.
ஆள் இருந்ததற்கு அந்திவரை தவணை.

அப்புறம் உப்புத்தாள், அறுபதாம் நம்பர்.
இழைக்க இழைக்க இன்னும் வழவழப்பாக்கக் கை கேட்கும்.
கொடுக்கக் கூடாது.
கன்னம்போல ஆகிவிட்ட மரம் சாயத்தைக் குடிக்காது,
மேலே வாங்கி மேலேயே வைத்துக்கொள்ளும்.
விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டேன்:
முத்தாக நின்றது. அங்கே பழைய பூச்சு இன்னும் உயிரோடு.
ஒரு சாண் தள்ளி இன்னொன்று:
உள்ளே போய்விட்டது, பேச்சு மூச்சில்லாமல்.

நான்கு மணிக்கு மழை.

அடுத்த நாளும் நான்கு மணிக்கு மழை.
ஈரமானியின் இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தினால்
இருபத்திரண்டு என்கிறது.
பதினைந்துக்குக் கீழே வராமல் டின்னைத் திறக்க மாட்டேன்.

வீட்டுக்காரர் கோர் மூன்று முறை கூப்பிட்டார்.
வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்களாம்.
"மேலோட்டமா அடிச்சிடும்மா, யாருக்குத் தெரியப்போகுது?"

என் அண்ணன் பரஞ்சோதியும் இதையேதான் கேட்பான்.
தஞ்சோங் பூங்காவில் ஒரு மரவீடு,
ஈரத்தின் மேலேயே பூசி மெழுகிக்
காசை வாங்கிக்கொண்டு வந்தான்.
மூன்றாம் மாதம் சாயம் வெளுத்துப்போச்சு என்று ஊர் சிரித்தது.
வெளுக்கவில்லை. உரிந்தது.
வெளுப்பதற்கு முதலில் உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

லோரிக் கதவில் 'பரஞ்சோதி பிரதர்ஸ்' என்று எழுதியிருந்தது.
அந்த 'பிரதர்ஸ்' நான்தான்.
அவன் போன பிறகு அதன்மேல் வெள்ளை அடித்தேன்,
அவசரத்தில், தேய்க்காமல், ஒற்றைப் பூச்சு.

வியாழன் காலை கோர் நேரிலேயே வந்துவிட்டார்.
வாதாடவில்லை. ஈரமானியை அவர் கையிலேயே கொடுத்தேன்.
குத்தினார். பத்தொன்பது.
நகர்ந்து குத்தினார். இருபது.
சட்டைக்கை மடித்து, காலணி சேற்றில் புதைய,
டாக்டர் கிடைக்காத ஊரில் நாடி பார்ப்பவர்போல
வீட்டை முழுக்கச் சுற்றிவந்தார்.
கடைசியில் கூரை இறக்கத்தின் அடியில் நின்று கத்தினார்:
"பதினாலு! இங்கே பதினாலு!"
"அங்கே பூசலாம்," என்றேன்,
"அங்கேதான் தேவையில்லை."

படிக்கட்டில் உட்கார்ந்தார்.
நெடுநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்து
யாருக்கோ ஹொக்கியனில் மன்னிப்புக் கேட்டார்.

நான்கு மணிக்கு, சொல்லி வைத்ததுபோல, அது வந்தது.
லோரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம்.
ஹஸ்னி நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து
நெத்திலியை எல்லாம் என் பக்கம் தள்ளினான்.
வெளியே கதவு நனைந்துகொண்டிருந்தது.
நனைந்தால் வெள்ளைக்கு அடியில் என்ன தெரியும் என்று
எனக்குத் தெரியும்.
படிக்கத்தான் யாருமில்லை,
தார்ப்பாய்க்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிய
அந்தப் பூனையைத் தவிர.